கன்றுக்குப் பால் மறக்கச் செய்யும் முறை

பசு ஈன்ற நாள் தொடங்கி அதன் மடிக்கு உரியவர் இருவர் ஆகின்றனர். ஒருவர் கன்று, மற்றொருவர் குடியானவர். பால் விலை ஏற ஏறக் குடியானவரின் பங்கு பெருகுவதும் கன்றின் பங்கு சுருங்குவதும் எங்கும் காணும் வழக்கமாகும். இதனால் அன்றாடம் அரை லிட்டர் கூடுதலாகக் கிடைப்பது உண்மையே. ஆயினும் மூன்று ஆண்டுகளுக்குப் பின் அதே தொழுவத்தில் பால் கறக்க வேண்டிய கிடேரி, ஒன்று இறந்து போகிறது. அல்லது நான்கு வயதாகியும் சினைக்கு வராமல் நிற்கிறது. அவ்வாறு இழந்த பசுவை ஈடு செய்யச் சந்தையில் கொடுக்கும் விலையைக் கணக்கிட்டுப் பார்ப்பவர் சிலரே.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றங்கரையில் அமைந்தது மாகறல். இவ்வூரைச் சுற்றிலும் ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் உள்ள நெல் வயல்களே மிகுதி. வைக்கோலும் தவிடும் வீட்டிலேயே கிடைக்கக் கூடிய இத்தகைய பகுதிகளில், இரண்டு மூன்று மாடுகளைக் கொட்டிலில் கட்டி வளர்ப்பது வேளாண்மையோடு ஒட்டிய தொழிலாகும். பெரும் பண்ணைகளில் கன்றைப் பிறந்த அன்றே தாயினின்று பிரித்து, வாளியில் பால் ஊட்டி வளர்க்கின்றனர். அதற்குத் தனிக் கொட்டகையும் தனி ஆளும் வேண்டும். இரண்டு மாடு உள்ள வீட்டுக்கு அது எளிதன்று. ஆகையால், தாயோடு இருந்து ஊட்டும் கன்றைத் தக்க காலத்தில், தக்க முறையில் எவ்வாறு பால் மறக்கச் செய்வது என்பதே இங்கு விளக்கப்படுகிறது.

கன்றின் வயிறு

முறையை அறியுமுன் அதன் காரணத்தை அறிதல் நலம். மாட்டுக்கு நான்கு வயிறுகள் உண்டு. வளர்ந்த மாட்டில் முதல் வயிறாகிய பெருவயிறே மிகப் பெரியது. புல்லும் வைக்கோலும் அதில் தங்கி, கண்ணுக்குப் புலப்படாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்களால் புளிக்க வைக்கப்பட்டு உணவாகின்றன. பிறந்த கன்றிலோ இந்நிலை தலைகீழாக உள்ளது. அதன் பெருவயிறு சுருங்கிய வெறும் பைபோல் இருக்கும். நான்காம் வயிறே பெரிதாக இருக்கும். கன்று பால் ஊட்டும்போது உணவுக் குழாயின் முடிவில் உள்ள ஒரு பள்ளம் குழாய்போல் மூடிக்கொண்டு, பாலை நேரே நான்காம் வயிற்றுக்குச் செலுத்துகிறது. ஆகவே கன்று எவ்வளவு பால் குடித்தாலும் பெருவயிறு வேலை கற்பதில்லை.

பெருவயிற்றுக்கு வேலை கற்பிப்பது திட உணவு, அதிலும் சிறப்பாகத் தானியம். தானியம் புளிக்கும்போது உண்டாகும் அமிலங்களே பெருவயிற்றின் உட்சுவரில் சிறு விரல்கள் போன்ற முளைகளை வளரச் செய்கின்றன. உணவின் சத்தை உறிஞ்சுபவை அம்முளைகளே. வைக்கோலும் புல்லும் வயிற்றின் அளவைப் பெருக்குமேயன்றி அம்முளைகளைப் போதிய அளவு வளர்ப்பதில்லை. வைக்கோலை மட்டும் கடித்து வளர்ந்த கன்றுக்கு வயிறு பானைபோல் தொங்குவதும், முதுகெலும்பு துருத்தி நிற்பதும் இக்காரணத்தாலேயே ஆகும்.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். பால் மறத்தல் என்பது பாலை நிறுத்தும் நாளில் தொடங்குவதன்று. கன்று முதன்முதல் ஒரு பிடி தீவனத்தை நக்கும் நாளிலேயே அது தொடங்கிவிடுகிறது. வயிறு ஆயத்தமாகு முன் பாலை நிறுத்தினால் கன்று பட்டினி கிடக்கிறது என்பதே பொருள்.

சீம்பால் கன்றுக்கே உரியது

தாய்ப் பசுவின் இரத்தத்தில் உள்ள நோய் எதிர்ப்புப் பொருள்கள் கருவிலிருக்கும் கன்றுக்குச் செல்வதில்லை. அவை சீம்பால் வழியாகவே கன்றை அடைகின்றன. அவற்றை உறிஞ்சும் ஆற்றல் கன்றின் குடலுக்குப் பிறந்த சில மணி நேரமே மிகுதியாக இருக்கும். ஒரு நாள் கழிந்தால் அது நின்றுவிடும். ஆகையால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் முதற் சீம்பாலைக் கன்று குடித்தாக வேண்டும். முதல் நாள் முழுவதும் சேர்த்து, உடல் எடையில் பத்தில் ஒரு பங்கேனும் சீம்பால் உள்ளே செல்ல வேண்டும். நஞ்சுக்கொடி விழும்வரை கன்றை ஊட்ட விடலாகாது என்னும் வழக்கம் சில வீடுகளில் இன்றும் உண்டு. அது கன்றுக்குப் பெருங்கேடு. கன்று ஊட்டுவதால் கருப்பை சுருங்கி நஞ்சுக்கொடி எளிதில் விழ ஏதுவாகுமேயன்றித் தடை உண்டாகாது. சீம்பாலைக் காய்ச்சி உற்றார் உறவினருக்குப் பங்கிடும் வீடுகளில், கன்றின் வயிறு நிறைந்த பின் எஞ்சியதையே அவ்வாறு செய்தல் தகும்.

கன்றுக்கு எவ்வளவு பால்

ஜெர்சிக் கலப்பினக் கன்று ஏறக்குறைய 20 முதல் 25 கிலோ எடையுடன் பிறக்கும். முதல் மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கும், இரண்டாம் மாதத்தில் பதினைந்தில் ஒரு பங்கும், மூன்றாம் மாதத்தில் இருபதில் ஒரு பங்கும் பால் கொடுப்பது பொது விதியாகும். கன்று வளர்ந்துகொண்டே வருவதால், இக்கணக்கின்படி அது மூன்று மாதமும் நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய இரண்டேகால் லிட்டர் பாலே குடிக்கும். ஆக மொத்தம் 200 லிட்டர் என்று கொள்ளலாம். நாளொன்றுக்குச் சராசரி 8 லிட்டர் வீதம் 300 நாள் கறக்கும் பசு 2,400 லிட்டர் கொடுக்கிறது. அதில் பன்னிரண்டில் ஒரு பங்கே கன்றுக்குச் செல்வது. ஒரு பசுவை உண்டாக்கும் செலவாக இதனை எண்ணினால் இது மிகுதியன்று.

தராசு இல்லாத வீட்டிலும் கன்றின் எடையை ஒருவாறு அறியலாம். முன்னங்கால்களுக்குப் பின்னே நெஞ்சின் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்புற எலும்பின் முனை வரை உள்ள நீளத்தையும் அங்குலத்தில் அளக்க வேண்டும். சுற்றளவைச் சுற்றளவாற் பெருக்கி, அதனை நீளத்தாற் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் எடை கிலோ கணக்கில் கிடைக்கும். சுற்றளவு 30 அங்குலமும் நீளம் 26 அங்குலமும் உள்ள கன்று ஏறக்குறைய 35 கிலோ இருக்கும். மாதம் ஒருமுறை இவ்வாறு அளந்து சுவரிலோ கணக்கேட்டிலோ குறித்து வைத்தால், கன்று வளர்கிறதா நிற்கிறதா என்பது ஐயமின்றித் தெரியும்.

கன்றூட்டிக் கறப்பதன் நன்மையும் அளவும்

நாட்டுப் பசுவும் எருமையும் கன்று முட்டி ஊட்டினாலன்றி எளிதில் பால் சுரப்பதில்லை. கன்றின் வாய் மடியிற் பட்டவுடன் பசுவின் மூளையடியிலிருந்து ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலந்து, மடியின் நுண்ணறைகளை அழுத்திப் பாலைக் காம்புக்கு இறக்குகிறது. இதன் வேகம் சில நிமிடங்களே நிற்கும். அதற்குள் கறந்து முடிக்க வேண்டும். பசு அஞ்சினாலும், அடிபட்டாலும், புதிய ஆளைக் கண்டு மிரண்டாலும் இச்சுரப்பு தடைப்படும். பசு பாலை அடக்கிக்கொள்கிறது என்று மக்கள் சொல்வது இதனையே.

கறக்கும் முன் கன்றைச் சிறிது நேரம் ஊட்டவிட்டுப் பின் கட்டுவதும், கறந்த பின் மீண்டும் அவிழ்த்து விடுவதும் பழைய முறை. இதில் ஒரு நுட்பம் உண்டு. கறவையின் தொடக்கத்தில் வரும் பால் கொழுப்புக் குறைந்தது. முடிவில் வரும் பாலே கொழுப்பு மிகுந்தது. கொழுப்பையும் மற்றத் திடச் சத்தையும் அளந்து விலை கொடுக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றுவோர், மடியில் மிகுதியாக விட்டுவிட்டுக் கடைசிப் பாலைக் கன்றுக்குக் கொடுத்தால் சங்கத்தில் விலை குறையும். ஆகவே கன்றின் பங்குக்கு ஒரு காம்பைத் தனியே ஒதுக்கி, மற்ற மூன்றையும் முற்றக் கறப்பது நல்லது. ஒதுக்கும் காம்பை நாள்தோறும் மாற்றி வரவேண்டும். கறந்த பின் மடியில் தங்கும் சிறிது பாலைக் கன்று உறிஞ்சி விடுவதால் மடிவீக்கம் குறைவதும் உண்டு.

ஆயினும் கன்று நாள் முழுவதும் தாயோடு அவிழ்ந்து திரிதல் கூடாது. இடைவிடாமல் ஊட்டும் கன்று அருகில் இருப்பின், பசு மீண்டும் பருவத்துக்கு வருவது தள்ளிப்போகும். காலை மாலை இருவேளை மட்டும் ஊட்டவிட்டு மற்ற நேரத்தில் கன்றைத் தனியே கட்டுவது, கன்றின் வளர்ச்சிக்கும் பசு உரிய காலத்தில் சினைப்படுவதற்கும் ஏற்றது.

தீவனம் கற்பித்தல்

இரண்டாம் வாரத்திலிருந்தே கன்றுக்கு ஆரம்பத் தீவனம் காட்டத் தொடங்கலாம். ஊட்டி முடித்த கன்று வாயைச் சப்பிக்கொண்டு நிற்கும் நேரமே இதற்கு ஏற்றது. அப்பொழுது ஒரு சிட்டிகைத் தீவனத்தை நாவில் தடவி, மீதியைச் சிறு தட்டில் வைத்தால் தானே நக்கத் தொடங்கும். வீட்டிலேயே கலக்க விரும்புவோர் 100 கிலோவுக்கு, அரைத்த மக்காச்சோளம் 45 கிலோ, கடலைப் பிண்ணாக்கு 35 கிலோ, கோதுமைத் தவிடு 17 கிலோ, தாது உப்புக் கலவை 2 கிலோ, சமையல் உப்பு 1 கிலோ எனச் சேர்க்கலாம். இக்கலவையில் புரதம் ஏறக்குறைய நூற்றுக்கு 21 பங்கு இருக்கும். மக்காச்சோளத்துக்கு மாற்றாகக் கம்பு அல்லது சோளமும் பயன்படும். பூசணம் பிடித்த பிண்ணாக்கைக் கன்றுக்குக் கொடுக்கவே கூடாது. அதில் உண்டாகும் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். யூரியா கலந்த தீவனமும் கன்றுக்கு ஆகாது.

ஒரு மாதக் கன்று 100 கிராம் அளவும், இரண்டு மாதக் கன்று அரை கிலோ அளவும், மூன்று மாதக் கன்று ஒரு கிலோ அளவும் உண்ணும். முதல் வாரத்திலிருந்தே தூய குடிநீர் எப்பொழுதும் எட்டும்படி இருக்க வேண்டும். பால் குடிக்கும் கன்றுக்குத் தண்ணீர் எதற்கு என்று பலர் எண்ணுவர். பால் நான்காம் வயிற்றுக்குப் போய்விடுவதால், பெருவயிற்றின் நுண்ணுயிர்கள் பெருகத் தண்ணீர் வேறாகவே வேண்டும். தண்ணீர் இல்லாத கன்று தீவனமும் குறைவாகவே உண்ணும். மூன்றாம் வாரத்துக்குப் பின் இளம்புல், வேலிமசால், அகத்தித் தழை ஆகியவற்றை வாடவைத்துச் சிறிதளவு கட்டித் தொங்கவிடலாம்.

பால் மறக்கும் காலத்தை அறிவது எப்படி

வயதை மட்டும் கொண்டு நாளைக் குறிப்பது சரியன்று. மூன்று குறிகள் ஒருங்கே காணப்படுதல் வேண்டும். முதலாவது, கன்று தொடர்ந்து மூன்று நாள், நாளொன்றுக்கு முக்கால் முதல் ஒரு கிலோ வரை ஆரம்பத் தீவனம் உண்ண வேண்டும். இரண்டாவது, பிறந்தபோது இருந்த எடையைப் போல் இரு மடங்கேனும் இருக்க வேண்டும். மூன்றாவது, ஒழுங்காக அசைபோட வேண்டும். நன்கு வளர்க்கப்பட்ட கலப்பினக் கன்றில் இக்குறிகள் பெரும்பாலும் மூன்று மாதத்தில் அமையும். கன்று இல்லாவிடில் பால் விடாத நாட்டுப் பசுவின் கன்றை இன்னும் சில மாதங்கள் பேருக்கு ஊட்டவிடுவதில் தவறில்லை. ஆனால் அக்கன்றும் வயிற்றுக்குத் தீவனத்தையே நம்பியிருக்க வேண்டும்.

மறக்கச் செய்யும் விதம்

மேற்கூறிய குறிகளைக் கண்டபின் இரண்டு வாரத்தில் படிப்படியாகப் பாலைக் குறைக்க வேண்டும். முதல் நான்கைந்து நாள் இருவேளையும் ஊட்டவிட்டு, நேரத்தை மட்டும் பாதியாகக் குறைக்கலாம். அடுத்த வாரம் காலை ஒருவேளை மட்டும் போதும். கடைசி மூன்று நாள் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊட்டவிட்டு, பின் முற்றும் நிறுத்திவிடலாம். பால் குறைந்த வேளைகளில் கன்று பசியோடு இருக்குமாதலால் அப்பொழுதே தீவனம் வைக்க வேண்டும்.

நிறுத்திய பின் முதல் மூன்று நாள் தாயும் கன்றும் கத்துவது இயல்பு. கன்றை வேறு தெருவுக்குக் கொண்டு போய்க் கட்டுவதினும், ஒரே தொழுவத்தில் இடையே மூங்கில் தட்டி வைத்து, ஒன்றையொன்று பார்க்கவும் முகரவும் கூடியதாய், மடிமட்டும் எட்டாததாய்க் கட்டுவது மேலானது. இவ்வாறு செய்தால் இரண்டும் விரைவில் அமைதியடையும். கன்று தீவனத்தை விடாது. பசுவும் பாலைக் குறைக்காது. துணைக்கு வேறொரு கன்று இருந்தால் இன்னும் நன்று.

பசுவையும் இதற்கு முன்னதாகவே பழக்க வேண்டும். கறக்கும் நேரம், கறக்கும் ஆள், கறக்கும் இடம் ஆகிய மூன்றும் மாறாதிருத்தல் வேண்டும். வெதுவெதுப்பான நீரால் மடியைக் கழுவித் துடைத்து, முன்னே தீவனம் வைத்துக் கறந்து வந்தால், சில வாரத்தில் பசு கன்றின் வாய்க்குப் பதில் அச்செய்கைக்கே பால் சுரக்கப் பழகிவிடும். முதல் ஈற்றுப் பசுவில் இப்பழக்கம் எளிதில் அமையும்.

தவிர்க்க வேண்டிய வழக்கங்கள்

கன்றின் மூக்கில் முள்ளைக் கட்டி, தாயைக் குத்தச் செய்து பிரிப்பது பழைய வழக்கம். இதனால் காம்பில் காயம் உண்டாகி மடிவீக்கத்துக்கு வழியாகும், கன்றும் உதைபடும். காம்பில் வேப்பெண்ணெயோ சாணமோ பூசுவதும் விரும்பத்தக்கதன்று. பாலில் அந்நாற்றமும் அழுக்கும் சேர்ந்து, சங்கத்தில் பால் தள்ளப்படக் கூடும். கன்று வீட்டைவிட்டு மேயப் போகும் இடங்களில் மென்மையான வாய்க்கூடு போட்டு, தீவன நேரத்தில் கழற்றிவிடுவதே போதுமானது.

கன்று இறந்தால் அதன் தோலில் வைக்கோல் அடைத்துப் பசுவின் முன் நிறுத்துவதும் உண்டு. கறவை நேரப் பழக்கத்தை முன்பே உண்டாக்கியவருக்கு அத்தோற்கன்று தேவைப்படாது. இவற்றினும் கொடியது, பால் இறங்குவதற்காக நாள்தோறும் ஆக்ஸிடோசின் ஊசி போடுவது. பசுவின் நலத்துக்குக் கேடாக ஊசி முதலியவற்றால் பால் பெருக்குவது 1960-ஆம் ஆண்டின் மிருக வதைத் தடுப்புச் சட்டம் 12-ஆம் பிரிவின்படி குற்றமாகும். அதற்கு இரண்டாண்டு வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மாடும் அரசாங்கத்தால் எடுத்துக்கொள்ளப்படும்.

பால் மறந்த பின்

பால் நின்ற முதல் மாதமே கன்றுக்கு ஆபத்தான காலம். அம்மாதத்தில் சூடு வைத்துக் கொம்பு நீக்குதல், தடுப்பூசி, இடமாற்றம் ஆகியவற்றை ஒரே வாரத்தில் சேர்க்கலாகாது. கொம்புக் குருத்தைப் பிறந்த இரண்டு வாரத்துக்குள் மருத்துவரைக் கொண்டு நீக்கிவிடுவதே முறை. குடற்புழு மருந்தை இரண்டாம் வாரத்தில் தொடங்கி, ஆறு மாதம் வரை மாதந்தோறும், பின்னர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் கூறும் அளவில் கொடுக்க வேண்டும். எருமைக் கன்றுக்கு ஒரு வகை உருளைப்புழு தாய்ப்பால் வழியாகவே வந்து சேர்வதால் அங்கு இதில் தாமதம் கூடாது. கோமாரித் தடுப்பூசியை நான்காம் மாதத்திலும், அடுத்து ஒரு மாதத்திலும் போடவேண்டும். கன்றுவீச்சு நோய்த் தடுப்பூசி நான்கு முதல் எட்டு மாதத்துக்குள் கிடேரிக் கன்றுக்கு மட்டும் ஒரே முறை போடப்படுவது.

கன்று மண்ணைத் தின்பது, கயிற்றைச் சப்புவது, மற்றக் கன்றின் மயிரை நக்குவது ஆகியவை தாதுக் குறைவையோ பசியையோ புழுவையோ காட்டும் குறிகள். மற்றக் கிடேரியின் மடியைச் சப்பும் கன்றை உடனே பிரித்துக் கட்ட வேண்டும். சப்பப்பட்ட காம்பு பிற்காலத்தில் பயன்படாமற் போவது உண்டு. ஆறு மாதம் வரை நாள் ஒன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ அடர்தீவனமும் பசுந்தீவனமும் குறையாமற் கொடுத்தால், கலப்பினக் கிடேரி ஒன்றரை வயதளவில் சினைப்பட்டு, இரண்டரை வயதுக்குள் முதற் கன்று ஈனும்.

பருவத்தைக் கருதுதல்

செய்யாற்றுப் பகுதியில் ஐப்பசி கார்த்திகை அடைமழையில் தரை ஈரமாகி, கன்றுகளுக்குச் சளிக் காய்ச்சலும் இரத்தக் கழிச்சலும் மிகுதியாகும். அக்காலத்தில் பாலை நிறுத்துவதைத் தள்ளிப்போடுவதே அறிவுடைமை. தைக்குப் பின், சம்பா அறுவடை முடிந்து புது வைக்கோலும், வரப்பில் பசும்புல்லும் கிடைக்கும் காலம் ஏற்றது. சித்திரை வைகாசிக் கோடையில் பிரிக்க நேருமாயின், கிணற்றடியில் சில சென்டு நிலத்தில் கம்பு நேப்பியர்ப் புல்லும் வேலிமசாலும் முன்கூட்டியே வளர்த்திருத்தல் வேண்டும்.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கன

தடுப்பூசி முகாம் நாளை முன்னதாகப் பால் சங்கத்தின் மூலம் அறிவித்தல், நான்கு மாதம் நிறைந்த கன்றுகளின் பட்டியல் வைத்திருத்தல், ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு இலக்கக் காதுவில்லை பொருத்தச் செய்தல், மேய்க்கால் புறம்போக்கு ஆக்கிரமிக்கப்படாமற் காத்தல், ஊசிப் பழக்கம் இருக்குமாயின் மருத்துவருக்குத் தெரிவித்தல் ஆகியவை இவர்கள் கையில் உள்ளன. அவசரக் காலத்தில் 1962 என்னும் எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம் என்பதையும் யாவருக்கும் உணர்த்துதல் வேண்டும்.

இந்திய வேளாண்மை குறித்த ராயல் கமிஷன் 1928-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், நல்ல மாடு வளர்க்கும் வசதி எங்குக் குறைகின்றதோ அங்கு மாடுகளின் எண்ணிக்கையே பெருகும் என்று எடுத்துக் காட்டியது. வாடிய கன்றுகளால் பயன் காணாத குடியானவர் மேலும் மேலும் மாடுகளைச் சேர்க்கிறார். தீவனம் பகிர்ந்து பகிர்ந்து எல்லாம் வாடுகின்றன. இச்சுழலை அறுக்கும் இடம் கன்றுத் தொழுவமே.

சோழர் காலத்தில் கோயில் விளக்குக்கு ஆடுமாடுகளை விட்டபோது அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்பது போன்ற பெயரால் கல்லில் வெட்டினர். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் என்று கணக்கு இருந்தது. அவை சாகாதவையும் மூவாதவையும் ஆனது எவ்வாறெனில், கிழடுகள் கழியக் கழியக் குட்டிகளும் கன்றுகளும் அவ்விடத்தை நிரப்பி எண்ணிக்கை குறையாமல் நின்றதனாலேயாம். இரண்டு மாடுகள் உள்ள வீட்டுக்கும் அதே விதிதான். கன்றுக்குரிய இருநூறு லிட்டரை அதற்கே விட்டு, வயிறு ஆயத்தமான பின் பொறுமையோடு பாலை நிறுத்தும் குடியானவர், சந்தைக்குப் போகாமலேயே தம் தொழுவத்தை நிலைநிறுத்திக்கொள்வார்.